பதினாலு கிலோமீட்டர்

தொண்ணூற்றைந்து. இப்போதுதான் எண்பது என்று இருந்தது. பின்னால் வரும் தண்ணி லாரியைக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்புவதற்குள் பதினைந்து ரூபாய் ஏறிவிட்டது. பைபாஸுக்குக் குறுக்கே அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் ஒரு இரும்புச் சட்டம், அதில் கறுப்புப் பலகை, பலகையில் ஆரஞ்சு எண்: ரோட்டுக்கு நடுவில் புதிதாகப் போட்டிருக்கிற விரைவுப் பாதைக்குள் நுழைய இந்த நிமிஷத்துக் கட்டணம். உள்ளே வண்டி பெருகினால் ஏறும், குறைந்தால் இறங்கும், மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை மாறும். இதைக் கண்டுபிடித்தவன் எந்த ஊர்க்காரனோ, நம் ஊர்க்காரனைப் பார்த்திருக்க மாட்டான். பார்த்திருந்தால் பலகையை நுழைகிற வாய்க்கு நேர் எதிரே வைத்திருப்பானா? எனக்கு முன்னால் இருக்கிற அத்தனை வண்டியும் வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு, உள்ளேயும் போகாமல் நேராகவும் போகாமல், ஊர்ந்தபடி பலகையை அண்ணாந்து பார்க்கிறது. இறங்கும், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அறுபதுக்கு வரும். கடை மூடுகிற நேரமாகப் பார்த்துக் கத்தரிக்காய் வாங்கப் போகிற ஜனம், ரோட்டையும் அப்படித்தான் வாங்கும். நெரிசலைத் தீர்க்கப் போட்ட பாதையின் வாசலிலேயே நெரிசல். உள்ளே ரோடு கழுவிக் கவிழ்த்த தாம்பாளம் மாதிரி காலியாகக் கிடக்கிறது. வாய் பிளந்திருக்கிறது, இதோ என் வலது சக்கரத்துக்கு நேரே, பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஸ்டியரிங்கை இத்தனூண்டு திருப்பினால் போதும். திருப்பவில்லை. அறுபதுக்கு வரட்டும் என்று நானும்தான் பார்த்தேன். வீட்டுக்காரர் கருணாகரன் போன வாரமே கண்ணாடியில் ஃபாஸ்டேக் ஸ்டிக்கரை ஒட்டிப் பணமும் போட்டு வைத்திருக்கிறார், தொண்ணூற்றைந்து ரூபாயில் குடும்பம் ஒன்றும் முழுகிவிடாது, அது எனக்கும் தெரியும், தெரிந்தும் பார்க்கிறேன். தண்ணி லாரியிலிருந்து கிளீனர் கதவைத் தட்டிக் கத்தினான்: "யம்மா, உள்ள போறியா, இல்ல இங்கயே குடித்தனம் பண்ணப் போறியா?" போடா என்று சொல்ல வாய் வந்தது, கண்ணாடி ஏற்றியிருந்தது, கால் தானாக ஆக்ஸிலேட்டரை மிதித்தது, வண்டி நேராகப் போய்விட்டது. நேராக. பக்கவாட்டில் ஆரஞ்சு பிளாஸ்டிக் கம்பங்கள் ஒன்று, இரண்டு, பத்து, இருபது என்று வரிசையாக ஆரம்பித்துவிட்டன. வாய் மூடிவிட்டது.

ஒன்பது முப்பத்தெட்டு. பத்தரைக்குள் நான் அக்கா வீட்டுத் தெருமுனைக் கண் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அக்காவுக்கு இடது கண்ணில் புரை, இன்றைக்கு ஆபரேஷன், காலையில் போய் மத்தியானம் திரும்பி வந்துவிடலாம், அவ்வளவு சின்ன விஷயம்தான். ஆனால் கூட ஒரு ஆள் இருந்து கையெழுத்துப் போட வேண்டும், பத்தரைக்குள் அந்த ஆள் வராவிட்டால் அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டுவிடுவார்கள், அப்புறம் அடுத்த மாதம்தான் தேதி. இதையெல்லாம் அக்கா போனில் செய்தி வாசிக்கிற மாதிரி சொன்னாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவளாக எடுத்துப் பேசின முதல் போன். "பையன் ராட்டர்டாம்ல இருக்கான், அவனை இதுக்குப் போய் வரச் சொல்ல முடியாது. நீ வர முடியுமான்னு கேட்கத்தான்." வரேன்கா, கட்டாயம் வரேன், இதென்ன கேள்வி என்றேன். அதற்கு அக்கா சொன்னாள், ஒரு கோபமும் இல்லாமல், ஊசியில் நூல் கோக்கிற மாதிரி நிதானமாக: "ட்ராஃபிக் இருந்தா விட்டுடு வசு. பக்கத்து வீட்டம்மாவைக் கேட்டுக்கறேன்." ட்ராஃபிக் இருந்தா விட்டுடு. மூன்று நாளாக இந்த ஒரு வரி தோசை வார்க்கும்போது, தலை வாரும்போது, டீவியில் யாரோ அழும்போது, என் காதுக்குள் உட்கார்ந்துகொண்டு இருக்கிறது. அவளுக்கு என்னைவிட ஐந்து வயது கூட, எனக்குச் செருப்பு வார் மாட்டிவிட்டுக் கான்வென்ட் வேன் ஏற்றிவிட்டவள், அவளுக்குக் கிடைக்காத இங்கிலீஷ் ஸ்கூல் எனக்குக் கிடைத்தபோது ஒரு தடவைகூட முகம் கோணாதவள், அவளுக்கு இப்படிக் குத்தத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் குத்துவதற்கென்றே பிறந்தவள், என் நாக்கைப் பற்றி ஊருக்கே தெரியும். அவள் எங்கே கற்றுக்கொண்டாள்? என்னிடம்தான், வேறு எங்கே. அதனால் இன்றைக்கு ஒன்பது ஐந்துக்கே வண்டியை எடுத்தேன். பதினாலு கிலோமீட்டருக்கு ஒரு மணி இருபத்தைந்து நிமிஷம். சாதாரணப் பாதையில் அதுவும் போதாது என்று இப்போது தெரிகிறது. இரண்டாவது வாய் இன்ஜினியரிங் காலேஜ் வளைவுக்கு எதிரே, இரண்டரை கிலோமீட்டர் தள்ளி. அதையும் விட்டால் கடைசி வரைக்கும் வேறு வாய் கிடையாது.

யோசித்துப் பார்த்தால் இந்த ஊரில் ட்ராஃபிக் இல்லாமல் நாங்கள் எல்லோரும் எப்படித்தான் உறவு கொண்டாடியிருப்போம்? கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிந்து பந்திக்குச் சரியாகப் போய் நின்று, அப்பா என்ன ட்ராஃபிக். பிடிக்காத நாத்தனார் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போகாமலே இருந்துவிட்டு, கிளம்பினோம், மேம்பாலத்துக்கிட்ட ஒரே ஜாம், திரும்பிட்டோம். கேட்கிறவளும் தலையாட்டுவாள், அடுத்த மாதம் அவளுக்கும் அது வேண்டியிருக்கும். அதிலும் அந்த 'வந்துட்டே இருக்கேன்' இருக்கிறதே. இந்த ஊரில் வந்துகொண்டே இருக்கிறேன் என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் பாத்ரூமில் சோப்பு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'பாதி தூரம் வந்தாச்சு' என்றால் செருப்பைத் தேடுகிறான். பொய் என்றுகூட இதற்கு யாரும் பெயர் வைப்பதில்லை. நான் என் பங்குக்கு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், அக்காவிடம் போனில் அப்படித்தான் சொன்னேன். பைபாஸ்ல இருக்கேன், அசையவே மாட்டேங்குது. சொன்னபோது என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. புடவை கட்டி, தலை முடிந்து, பை எடுத்து, எல்லாம் ஆகி, எட்டு மணிக்குத் தயாரானவள், பீரோவைத் திறந்து துண்டுகளை எல்லாம் வெளியே எடுத்து ஒவ்வொன்றாக மூன்றாக மடித்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே மடித்திருந்த துண்டுகள். அக்கா வீட்டு அத்தான் விடிகாலையில் இறந்துபோய்விட்டார், பதினொரு மணிக்கு எடுக்கப் போகிறார்கள், நான் துண்டு மடிக்கிறேன். அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது. துக்க வீட்டுக்குப் போகிற நாளில் சமைக்க வேண்டாம் என்று வீட்டு வேலை செய்கிற அஞ்சலையிடம் சொல்ல மறந்திருந்தேன், அவள் பாட்டுக்குப் பருப்பைப் போட்டிருக்கிறாள். பைபாஸில் எவன் குக்கர் வைப்பான்? அக்கா போனை வைத்துவிட்டாள். கேட்டிருப்பாளா, அழுகைச் சத்தத்தில் கேட்டிருக்காதா, இதை இரண்டு வருஷமாகத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டேன். பத்து மணிக்கு டாக்ஸியில் ஏறினேன். பதினொன்று நாற்பதுக்குப் போய் இறங்கினேன். கடைசியில் நிஜமாகவே கொஞ்சம் ட்ராஃபிக் இருந்தது, அதுதான் இன்னும் கேவலம். எடுத்துவிட்டிருந்தார்கள். வீட்டைக் கழுவித் தண்ணீர் தள்ளிக்கொண்டிருந்தார்கள், வாசற்படி வழியாகச் சாமந்தி இதழ்கள் தண்ணீரோடு வந்தன, நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனேன். அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "பதினாலு கிலோமீட்டர், வசு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கேட்டிருந்தால் என்ன, கேட்காவிட்டால் என்ன. இப்போதுதான் இது உறைக்கிறது, முதல் கியரிலேயே வண்டி திணறிக்கொண்டிருக்கிற இந்த இடத்தில், இரண்டு மாநகரப் பேருந்துக்கும் ஒரு செங்கல் லாரிக்கும் நடுவில். அவள் கேட்டாளா என்பது அவள் சமாச்சாரம். சொல்ல வேண்டியது என் சமாச்சாரம். அக்கா அன்னைக்கு நான் வீட்டுலதான் இருந்தேன். ஐந்து வார்த்தை. கோர்வையாக வருகிறதா பார். வராது, நாளைக்கு என்று எழுநூறு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. பக்கத்தில் ஒரு டூவீலர், அவன் முன்னால் பெட்ரோல் டேங்கில் ஒரு குழந்தை, பின்னால் பொண்டாட்டி, அவள் மடியில் இன்னொன்று, குழந்தையின் வாயை முந்தானையால் மூடியிருக்கிறாள். உள்ளே இவர்களை விடுவதில்லை, டூவீலர், ஆட்டோ கூடாது என்று சட்டம். இதைத்தான் நான் மனுவில் எழுதினேன். எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் சார்பில் விரைவுப் பாதையை எதிர்த்து மூன்று பக்கம், கான்வென்ட் இங்கிலீஷில், முற்றுப்புள்ளி கமா உட்பட ஒரு குறை சொல்ல முடியாது. பொது ரோட்டில் காசுள்ளவனுக்கு ஒரு வரிசை, இல்லாதவனுக்கு ஒரு வரிசையா? ரோட்டு நடுவில் இருந்த அரளியை வெட்டினீர்களே, தூசு யார் நுரையீரலில் போகிறது? வயதானவர்கள் எப்படிக் கடப்பார்கள்? எல்லாம் நியாயம். இன்றைக்கும் நியாயம், இந்தக் குழந்தையின் வாயைப் பார்த்தால் அதில் ஒரு வரி அடிக்க மாட்டேன். ஆனால் அந்த நியாயத்தை எழுதியவளுக்கு வேறொரு பயம் இருந்தது, அதை மனுவில் எழுதவில்லை. அஞ்சலைதான் போட்டு உடைத்தாள். பாதை திறந்த மறுநாள் வழக்கத்தைவிட முக்கால் மணி முன்னால் வந்து காலிங்பெல்லை அடித்தாள். என்னடி இன்னைக்கு சூரியன் சீக்கிரம் கிளம்பிடுச்சா என்றேன். "காசு ரோட்ல பஸ்ஸை வுட்டுட்டாங்கம்மா. பஸ்ஸுக்கு காசு கிடையாதாம். சும்மா பிச்சிக்கினு வருது. டிரைவரே பயந்துட்டான்." உட்கார்ந்து ஒரு காப்பி குடித்தாள், எங்கள் வீட்டில் வேலைக்கு வந்த ஒன்பது வருஷத்தில் நான் பார்த்து அவள் அவசரமில்லாமல் குடித்த முதல் காப்பி. பிறகு டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "உங்க அக்கா வூடு அந்தாண்ட தானம்மா? இனிமே பன்னெண்டு நிமிசம். நீ தெனம் போலாம்." நான் மிக்ஸியைப் போட்டுவிட்டேன்.

பன்னிரண்டு நிமிஷம். அதுதான் பயம். ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற அக்காவைப் பார்க்கப் போகாதவள் வேறு, பன்னிரண்டு நிமிஷத்தில் இருக்கிற அக்காவைப் பார்க்கப் போகாதவள் வேறு. ஒன்பது ஐம்பது. செங்கல் லாரி ஒரு முழம் நகர்கிறது, நானும் ஒரு முழம். அத்தான் இருந்தால் இந்நேரம் போன் வந்திருக்கும். எந்த வழியா வந்திட்டிருக்கே வசு? பைபாஸா, உள் ரோடா? ஏரிக்கரை வழியா விட்டிருக்கலாமே. மனுஷனுக்கு அது ஒன்றுதான் பேச்சு. வீட்டுக்குள் கால் வைத்ததும் வாங்க என்பதற்கு முன்னால், எந்த வழியா வந்தீங்க? நாம் எந்த வழியைச் சொன்னாலும் அதைவிட நல்ல வழி ஒன்று அவரிடம் இருக்கும். தட்டு மேல் விரலால் கோடு போட்டுக் காட்டுவார், இங்க ரயில்வே கேட், இங்க மாவு மில், சாம்பார் இங்க. இப்போது நினைத்தால் அவர் அதை எல்லோரிடமும் கேட்க மாட்டார், அவருக்குப் பிடித்தவர்களிடம் மட்டும்தான் கேட்பார், நீ வந்த வழியெல்லாம் நானும் கூட வந்தேன் என்கிற மாதிரி. அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. அன்றைக்குப் புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டில் சாப்பாடு, ஒன்றரை மணி நேரம் வெயிலில் ஊர்ந்து போயிருக்கிறேன், தலைவலி, அவர் சம்பந்தி வீட்டாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த வழியா வந்தே வசு? நான் சொன்னேன், நாக்கு எனக்கு முன்னால் ஓடிப் போய்ச் சொன்னது: "அத்தான், இவ்வளவு வழி தெரிஞ்சவர் முப்பது வருஷமா ஒரே ஆபீஸ்ல ஒரே நாற்காலில எப்படி உட்கார்ந்திருந்தீங்க?" சம்பந்தி சிரித்துவிட்டார். அவர் சிரித்திராவிட்டால் ஒருவேளை அது அதோடு போயிருக்கும். அத்தான் தட்டைப் பார்த்தார். மோர் ஊற்றிக்கொண்டார். அக்கா அப்பளத்தை எடுக்க உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. அதற்குப் பிறகு அவரிடமிருந்து எனக்குப் போன் வரவேயில்லை. மூன்றாவது வாரம் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு ஸாரி என்று சொல்லியிருக்கலாம், அந்த வார்த்தையை நாளைக்கு நாற்பது தடவை காய்கறிக்காரனிடம், லிஃப்டில் இடிக்கிறவனிடம் சொல்கிறேன். அதனால்தான் துண்டு மடித்தேன். அந்த முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. இதை ட்ராஃபிக் என்று சொன்னேன்.

இன்ஜினியரிங் காலேஜ் வளைவு தெரிகிறது. ஒன்பது ஐம்பத்தேழு. அடுத்த இரும்புச் சட்டம், அடுத்த பலகை, நூற்றிப் பத்து. ஏறியிருக்கிறது. முன்னால் வழக்கம்போல இண்டிகேட்டர் திருவிழா, எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள், இறங்கும், இறங்கும். ஐம்பத்தோரு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் இருபது நாளும் தன் பக்கம் இருக்கிற பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே எனக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தார். நாற்பதுக்கு மேல் இதுவரை போனதில்லை. இந்த ஊர் நெரிசலில் அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை, நானும் எல்லோரையும் போல ஊர்ந்து நல்ல டிரைவர் என்று பெயர் வாங்கிவிட்டேன். உள்ளே எண்பது. உள்ளே நுழைந்தால் எட்டு கிலோமீட்டருக்கு வெளியே வர வழி கிடையாது, நடுவில் மனசு மாறினால் திரும்ப இடம் கிடையாது, நின்றால் பின்னால் வருகிறவன் இடிப்பான். உள்ளே போனால் இனிமேல் தாமதம் ஆனால் அது என் தாமதம். நூற்றிப் பத்து. கருணாகரன் கிளம்பும்போது சொன்னார், பயமா இருந்தா சாதாரண லேன்லயே போ வசு, லேட்டானா அக்கா புரிஞ்சுப்பாங்க. புரிந்துகொள்வாள். அதுதானே. இரண்டு வருஷமாக அவள் புரிந்துகொண்டுதான் இருக்கிறாள், ஒரு ஆள் எவ்வளவுதான் புரிந்துகொள்வது? முன்னால் இருக்கிற வெள்ளைக் கார் பிரேக் போட்டு நிற்கிறது, ஓட்டுகிறவர் தலையை வெளியே நீட்டிப் பலகையைப் பார்க்கிறார், பெரிய மனுஷர், கழுத்தில் சங்கிலி, காரின் விலைக்கு ஒரு வீடு வாங்கலாம், பதினைந்து ரூபாய்க்காக நிற்கிறார். நானும் ஹாரன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். கண்ணாடியை இறக்கி, முப்பத்தைந்து வருஷமாக எந்த ஆண்பிள்ளையிடமும் நடுரோட்டில் உயர்த்தாத குரலில், "சார், அது இறங்காது! போறதுன்னா போங்க, இல்லைன்னா வழியை விடுங்க, எனக்கு நேரம் ஆகுது!" என்றேன். அவர் திடுக்கிட்டு இடது பக்கம் ஒதுங்கிக்கொண்டார். வாய் திறந்திருந்தது. காலை எடுத்தேன். ஸ்டியரிங் திரும்பியது. எங்கேயோ மேலே ஒரு க்ளிக், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது, பணம் போய்விட்டது, உள்ளே இருக்கிறேன்.

உள்ளே இருக்கிறேன். நாற்பது. பின்னால் ஒரு பஸ், பெரிய சிவப்பு முகம், விளக்கைப் போட்டுப் போட்டுக் காட்டுகிறான். ஐம்பது. என் வண்டியில் இப்படியொரு சத்தம் உண்டென்று எனக்குத் தெரியாது, இது நோயா, இது சந்தோஷமா? அறுபது. ஆரஞ்சுக் கம்பங்கள் முதலில் ஒவ்வொன்றாகத் தெரிந்தன, இப்போது ஒரே கோடாகிவிட்டன. வலது கால் நடுங்குகிறது, நடுங்கினால் நடுங்கட்டும், மிதித்துக்கொண்டே நடுங்கட்டும். கம்பங்களுக்கு அந்தப் பக்கம் ஊர் முழுக்க நின்றுகொண்டிருக்கிறது, லாரி, வேன், ஆட்டோ, எங்கேயோ பின்னால் அந்தக் குழந்தையும், நான் அவர்களைத் தாண்டிப் போகிறேன், இதில் ஒரு வெட்கம் இருக்கிறது, அதை மனுவில் சேர்க்க வேண்டும். டூவீலருக்கும் ஒரு வரிசை விடு என்று இன்னொரு பக்கம் எழுதுவேன். எழுதத் தெரிந்ததற்கு அதுவாவது செய்கிறேன். எழுபது. காற்று கதவிடுக்கில் விசிலடிக்கிறது. பள்ளிக்கூடத்தில் முதல் வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கப் பெண்கள் எல்லாம் சாப்பலுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பார்கள். உள்ளே போகும்போது தலையைத் தொங்கப் போட்டுப் போவார்கள், மூன்று நிமிஷத்தில் வெளியே வந்து பஞ்சு மிட்டாய் வாங்க ஓடுவார்கள். எங்களுக்கு, குங்குமம் வைத்த பிள்ளைகளுக்கு, மாரல் சயின்ஸ் வகுப்புதான். பொறாமையில் எட்டாம் வகுப்பில் ஒரு தடவை பொட்டை அழித்துவிட்டு அந்த வரிசையில் நின்று உள்ளே போய்விட்டேன். மண்டி போட்டால் வலைக்கு அந்தப் பக்கம் ஃபாதரின் மூச்சு கேட்கிறது. சொல்ல ஒன்றும் வராமல், செய்யாத ஒரு பேனாத் திருட்டைச் சொன்னேன். மன்னிப்பு கிடைத்தது. செய்யாததற்கு வாங்கின மன்னிப்பை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு வாரம் ஜுரம் வந்தது. செய்ததற்கு இன்னும் ஒரு தடவைகூட வாங்கிப் பார்த்ததில்லை. எழுபத்தைந்து. அக்கா அன்னைக்கு நான் வீட்டுலதான் இருந்தேன். சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், மூடின வண்டிக்குள், எழுபத்தைந்தில். உலகம் இடியவில்லை. பஸ்காரன் விளக்குப் போடுவதை நிறுத்திவிட்டான், கண்ணாடியில் பார்த்தால் அவனுக்குப் பின்னால் நிற்கிற பெண்கள் எல்லாம் கம்பியைப் பிடித்தபடி முன் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள், வாயெல்லாம் பல், ரங்கராட்டினத்தில் ஏறினவர்கள் மாதிரி. எத்தனை பேருக்கு எத்தனை முக்கால் மணி நேரம். அதை வைத்துக்கொண்டு என்னென்ன செய்வார்கள்? ஒருத்தி உட்கார்ந்து காப்பி குடிப்பாள். ஒருத்தி தூங்குவாள். எண்பது. வெளியேறும் வழி, ஐந்நூறு மீட்டர் என்று பலகை சொல்கிறது. ஆயிற்றா? அவ்வளவுதானா? இந்தத் தூரத்தையா நான் இத்தனை நாள் தலையில் சுமந்துகொண்டிருந்தேன்?

ஆஸ்பத்திரியில் மாடிப்படி ஏறும்போது கால் இன்னும் வண்டியில் இருப்பது போலவே இருந்தது. முதல் மாடியில் வரிசையாக ஸ்டீல் நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் பச்சைத் தொப்பி போட்ட ஒரு தலை, ஒரு நெற்றியில் பிளாஸ்திரி. எது அக்கா என்று தெரியவில்லை. பின்னாலிருந்து குரல்தான் காட்டிக் கொடுத்தது. நர்ஸ் பெண் அட்டையைப் பார்த்து, "இந்துமதி, உங்க அட்டெண்டர் வந்தாச்சாம்மா?" என்று கேட்க, "வரணும்மா. பைபாஸ்ல இருப்பா. வரலைன்னா பக்கத்து வீட்டம்மா நம்பர் தரேன், எழுதிக்கோ" என்று அக்கா கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். கண்ணில் மருந்து விட்டிருக்கிறார்கள் போல, முகத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, விரலாலேயே தேடினாள். எவ்வளவு இளைத்துவிட்டாள். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. "வந்துட்டேன்கா" என்றேன். பைக்குள் இருந்த கை அப்படியே நின்றது. "யாரு? வசுவா?" என் பக்கம் திரும்பினாள், கண்மணி இரண்டும் அகலமாகக் கறுத்து, என்னைப் பார்க்காமல் என் காது பக்கம் எங்கேயோ பார்த்தாள். "மணி என்ன?" பத்தேகால் என்றேன். நர்ஸ் பேப்பரை நீட்டினாள், மூன்று இடத்தில் கையெழுத்து, உறவு என்ற இடத்தில் தங்கை என்று எழுதினேன், எழுத்து ஆடியது, கான்வென்ட் கையெழுத்தை மதர் பார்த்திருந்தால் ஸ்கேல் எடுத்திருப்பார். நர்ஸ் போய்விட்டாள். அக்கா மடியில் கையைக் கோத்துக்கொண்டாள். "ட்ராஃபிக் இல்லையா?" என்றாள். குத்தவில்லை. நிஜமாகவே கேட்டாள். இல்லக்கா என்றேன். ஒரு ஆயா பக்கெட்டை நகர்த்திக்கொண்டு போனாள், அவள் போகட்டும் என்று பார்த்தேன், அது சாக்கு என்று தெரிந்தது, அவள் போவதற்கு முன்னாலேயே சொன்னேன். "அன்னைக்கும் இல்ல."

அக்காவின் இமை படபடவென்று அடித்தது, மருந்தா, வேறா, தெரியவில்லை. கன்னத்தில் மருந்து வழிந்தது, துடைக்கப் போனவளை, கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க என்று தடுத்து நான் துடைத்தேன். பக்கத்து நாற்காலியில் அவள் கைப்பை, ஸ்கேன் கவர், தண்ணீர் பாட்டில் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாகத் தடவி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நாற்காலி காலியானது. "ஏம்மா" என்று பொதுவாகக் காற்றில் கூப்பிட்டாள், "என்னை உள்ள எத்தனை மணிக்குக் கூப்பிடுவீங்க?" கவுண்ட்டரிலிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்து, "பதினொண்ணு ஆயிடும்மா" என்றாள். அக்கா தலையாட்டினாள். கண்ணை மூடி, தலையைப் பின்னால் சுவரில் சாய்த்துக்கொண்டாள்.

"நாப்பது நிமிஷம் இருக்கு" என்றாள். "உட்காரு. முதல்லேர்ந்து சொல்லு."